ஒரு மாணவருக்கு இவ்வளவு செலவா? அதற்கு யார் பொறுப்பு?

கேள்வியை எழுதியவர் ஒரு பெற்றோர். பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கிய தொகையை அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்திருக்கிறார். வந்த விடை, தன் பிள்ளை படிக்கும் தனியார் பள்ளியின் ஆண்டுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு. "பிள்ளைகள் குறைகிறார்கள், செலவு கூடுகிறது, வாசிக்கத் தெரியாமலே ஐந்தாம் வகுப்பு முடிக்கிறார்கள், இந்தப் பணத்துக்கு யாருமே பதில் சொல்வதில்லையா?" என்று கேட்கிறார். கோபம் தெரிகிறது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: அந்த வகுத்தல் சரியா, பணத்தைக் கூட்டினால் படிப்பு கூடுமா, பதில் சொல்ல வேண்டியவர் யார். அவருக்கு உண்மையில் வேண்டியது மூன்றாவதற்கான விடைதான் என்று நினைக்கிறேன். முதல் இரண்டையும் கடக்காமல் அங்கே போக முடியாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தாறு ஆண்டுகள் அரசுக் கணக்குத் தணிக்கையில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பள்ளிகளின் கணக்கு. கற்பித்தல் என் துறையில்லை. ஒரு பிள்ளைக்குக் கழித்தலை எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டால் விழிப்பேன். பணம் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது, யாருடைய கையெழுத்தில் நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்குள் நின்று எழுதுகிறேன்.

முதலில் வகுத்தல். மேலே வைத்த எண்ணில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். துறையின் மொத்த ஒதுக்கீடு என்றால் ஆசிரியர் சம்பளத்தோடு புதுக் கட்டடங்கள், தேர்வு நடத்தும் செலவு, பாடநூல் அச்சடிப்பு, தலைமை அலுவலகம், அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகளுக்கான மானியம் எல்லாம் அதற்குள் இருக்கலாம். உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை மேலே சேர்த்துவிட்டு, அந்தப் பள்ளிப் பிள்ளைகளைக் கீழே சேர்க்காமல் விட்டால் விடை வீங்கித்தான் வரும். இந்த ஆண்டு கட்டிய கட்டடம் நாற்பது ஆண்டு நிற்கும்; அதன் முழு விலையையும் இந்த ஆண்டுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது கணக்கு முறைப்படியும் தவறு. ஒதுக்கீடு வேறு, செலவு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஒதுக்கியதில் ஒரு பகுதி செலவாகாமல் நிதியாண்டு முடிவில் திருப்பி ஒப்படைக்கப்படும். அதனால் வரவுசெலவுத் திட்ட உரையில் படித்த எண்ணை விட்டுவிட்டு, பின்னால் வெளிவரும் இறுதிச் செலவுக் கணக்கை எடுங்கள். யாரும் படிப்பதில்லை என்பதாலேயே அந்தப் புத்தகம் பெரும்பாலும் நேர்மையாக இருக்கும்.

பிழை மறுபக்கமும் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியம் நிதித்துறையின் கணக்குத் தலைப்பிலும், கட்டடப் பராமரிப்பு பொதுப்பணித் துறையின் தலைப்பிலும், மதிய உணவு சமூகநலத் தலைப்பிலும் எழுதப்படும் இடங்கள் உண்டு. அங்கே நீங்கள் கண்ட தொகை உண்மைச் செலவைவிடக் குறைவு.

வகுக்கும் எண்ணிலும் இதே வம்பு. பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் வேறு, பெஞ்சில் இருக்கும் தலைகள் வேறு. ஆசிரியர் பணியிடங்களைச் சேர்க்கை எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்யும்போது, நின்றுபோன பிள்ளையின் பெயரை நீக்க யாருக்கும் கை வராது. நீக்கினால் ஒரு பணியிடம் போய்விடும். 48 பெயர் எழுதிய வகுப்பில் 29 பேரை எண்ணிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. மற்றவர்கள் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள் என்றார் வகுப்பாசிரியர். அடுத்த மாதம் சொல்லாமல் போனேன். அப்போதும் திருவிழா முடியவில்லை.

மாணவர் குறையும்போது செலவு ஏறுவதாகத் தோன்றுவதில் பாதி மர்மம் வெறும் கணிதம். ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். சில ஆண்டுகளில் 20 பிள்ளைகள். ஆசிரியர்கள் அதே இரண்டு பேர், ஏனென்றால் ஐந்து வகுப்புகளை ஒரே ஆளிடம் விட முடியாது. கூடுதலாக ஒரு காசுகூடச் செலவாகவில்லை, ஆனால் தலைக்கு ஆகும் செலவு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. அந்த 20 பேரில் ஒருவரை வேறு பள்ளிக்கு அனுப்பினால் மிச்சமாவது ஒரு பாடநூல் தொகுப்பும் சீருடையும் மட்டுமே. சராசரிச் செலவும் ஒரு பிள்ளை கூடினாலோ குறைந்தாலோ மாறும் செலவும் வெவ்வேறு என்பதை மறந்துவிட்டு, "ஒரு பிள்ளைக்கு இவ்வளவு மிச்சப்படுத்தலாம்" என்று போடும் திட்டங்கள் நடைமுறையில் அப்படி மிச்சப்படுத்துவதில்லை. பள்ளிகளை இணைத்தால் உண்மையாகவே மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு பங்கு, நடந்து போன பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பும் பெற்றோரின் பையிலிருந்து வருகிறது. அரசின் கணக்கில் அது செலவாகவே தெரியாது.

தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் என்பது நீங்கள் கொடுப்பது. அந்தப் பள்ளிக்கு ஆகும் செலவு அல்ல. போக்குவரத்து, தனிப் பயிற்சி வகுப்பு, புத்தகம் ஆகியவற்றைக் கட்டணத்தோடு கூட்டினீர்களா என்று தெரியவில்லை. அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை, நடுவில் வந்து சேரும் பிள்ளை, வீட்டில் எழுத்துவாசனையே இல்லாத பிள்ளை எல்லோரும் அங்கே வருவார்கள். ஆனாலும் இதையெல்லாம் சொல்லி அரசுத் துறையைக் காப்பாற்ற நான் வரவில்லை. குறைந்த கட்டணத் தனியார் பள்ளியின் ஆசிரியர் அரசு ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார் என்பதே இந்த இரண்டு மடங்குக்குப் பின்னால் இருக்கும் பெரிய காரணம். அவருக்கு அநியாயம் நடக்கிறது என்றும் சொல்லலாம், அரசு அதிகம் தருகிறது என்றும் சொல்லலாம். கணக்குப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

சம்பளம் என்ற சொல் வந்துவிட்டது. வளர்ந்த நாடுகளின் சராசரியில் பள்ளிகளின் நடப்புச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சம்பளத்துக்குப் போகிறது. வசதி குறைந்த நாடுகள் பலவற்றில் இந்தப் பங்கு இன்னும் பெரிது. கல்வி ஆண்டுக்காண்டு விலை ஏறிக்கொண்டே போவதற்கு வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960களில் ஒரு விளக்கம் தந்தார். நான்கு பேர் வாசிக்க எழுதப்பட்ட இசையை இன்றும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும், நேரமும் அதேதான். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி முன்பு பத்துப் பேர் செய்ததைச் செய்கிறார், அவருடைய கூலி ஏறுகிறது. இசைக்கலைஞரின் கூலியையும் கூடவே ஏற்றாவிட்டால் அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். ஆசிரியர் கதையும் இதுவே. முப்பது பிள்ளைகளை முந்நூறு ஆக்கி "உற்பத்தித்திறன் கூடிவிட்டது" என்று சொல்ல முடியாது. அதனால் திருட்டு, வீண் இரண்டும் துளியும் இல்லாத ஒரு பள்ளி அமைப்பிலும் செலவு, மற்றப் பொருள்களின் விலையைவிட வேகமாக ஏறும். இதோடு கடமைகளும் கூடின. அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுப்பள்ளியில் கல்வி தந்தாக வேண்டும் என்றது. அதன்பின் அங்கே பள்ளிச் செலவு ஏறியதில் கணிசமான பங்கு அந்தக் கடமையால் வந்தது. அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது கேள்வி: பணத்தைக் கூட்டினால் படிப்பு கூடுமா? இதில் நான் சொந்த அனுபவத்தை நம்புவதில்லை, ஏனென்றால் தணிக்கைக்காரன் எப்போதும் பழுதான இடத்துக்கே அனுப்பப்படுகிறான். ஆய்வுகளைப் படித்த அளவில் சொல்கிறேன். 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய அறிக்கை, பிள்ளைகளின் தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் பேசுகிறது என்று சொல்லிப் பலரைத் திடுக்கிட வைத்தது. எரிக் ஹனுஷெக் என்பவர் 1980களிலிருந்து நூற்றுக்கணக்கான கணிப்புகளைத் தொகுத்து, செலவுக்கும் தேர்ச்சிக்கும் இடையே உறுதியான, ஒரே சீரான தொடர்பு இல்லை என்று வாதாடினார். அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லாத ஆளில்லை. நிதியை வெட்ட அது வசதியான வாதம். பின்னால் வந்த ஆய்வுகள் படத்தை மாற்றின. 2016இல் ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி கூடிய அமெரிக்க மாவட்டங்களின் பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முழுவதும் செலவு 10 சதவீதம் கூடியிருந்தால் பிற்காலத்தில் அவர்களின் கூலி ஏறத்தாழ 7 சதவீதம் கூடியிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம். தேர்வு மதிப்பெண்ணில் தெரியாதது வாழ்க்கையில் தெரிந்திருக்கிறது.

இதற்கு எதிர்ச்சாட்சிகளும் வலுவானவை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1985இலிருந்து நீதிமன்ற உத்தரவின்பேரில் ஏறத்தாழ 200 கோடி டாலர் கூடுதலாகச் செலவிட்டார்கள். புதுப் பள்ளிகள், நீச்சல் குளங்கள், கோளரங்கம் எல்லாம் வந்தன. தேர்ச்சி எதிர்பார்த்தபடி உயரவில்லை. இந்தோனேசியா 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. 360 பள்ளிகளில் குலுக்கல் முறையில் செய்த ஆய்வில், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஆசிரியர்களின் மனநிறைவு கூடியிருந்தது, பள்ளி வேலையோடு வெளியே இன்னொரு வேலையும் பார்ப்பது குறைந்திருந்தது. பிள்ளைகளின் கற்றலில் மாற்றமே இல்லை. இது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைப் பற்றிய முடிவு. நல்ல சம்பளம் காலப்போக்கில் நல்ல ஆட்களை இந்தத் தொழிலுக்கு இழுக்குமா என்பதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆய்வு விடை தராது.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது சிறிதுதான். பணம் பயன்படும். எதற்காக, யார் கையில், எந்த நிபந்தனையோடு போகிறது என்பதைப் பொறுத்தே பயன்படும். "இவ்வளவு செலவழித்தும் பயனில்லை, ஆகவே வெட்டு" என்ற முடிவுக்கும் சான்றில்லை. "ஒதுக்கீட்டை உயர்த்தினால் போதும்" என்பதற்கும் சான்றில்லை. யுனெஸ்கோவும் அதன் உறுப்பு நாடுகளும் 2015இல் ஏற்றுக்கொண்ட இலக்கு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் அல்லது பொதுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் கல்விக்கு என்பது. அது உள்ளே போக வேண்டிய பணத்துக்கான அளவு. வெளியே வருவதைப் பற்றி அது எதுவும் பேசுவதில்லை.

இப்போது மூன்றாவது. "யாருமே பதில் சொல்வதில்லையா?" என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப்போன தலைமையாசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதப் பட்டியல், காலாண்டுப் பட்டியல், பயன்பாட்டுச் சான்றிதழ், இருப்புச் சான்றிதழ், கழிப்பறைப் புகைப்படம், சத்துணவுக் கணக்கு. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் இதற்கே போகிறது என்று ஒருவர் சொன்னார், நம்பினேன். எதற்குப் பதில், யாருக்குப் பதில் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

ஒரு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். கணினி அறையில் பன்னிரண்டு கணினிகள். வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணினேன், பன்னிரண்டும் இருந்தன. திரைகளின்மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. "பிள்ளைகள் எப்போது பயன்படுத்துகிறார்கள், சார்?" என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒன்று பழுதானால் நீங்கள்தானே சார் வந்து கேட்பீர்கள்? பழுதானதைக் கணக்கிலிருந்து தள்ள மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வருவதற்குள் நான் ஓய்வுபெற்றுவிடுவேன், அதன் விலையை எனக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். பூட்டி வைத்தால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை." அதற்கு முந்தைய ஆண்டு அதே பள்ளியில் சாக்பீஸ் பெட்டிகளுக்கு ரசீது இல்லை என்று எங்கள் ஆட்கள் எழுதிய தணிக்கைத் தடை இன்னும் நிலுவையில் இருந்தது. கணினிகளைப் பற்றி நான் எழுதியது "இருப்பு சரி" என்ற இரண்டு சொற்கள். பூட்டிய அறைக்கு ஆட்சேபம் எழுத என் படிவத்தில் இடமில்லை. அந்த அறையைப் பூட்டிய சாவியில் என் பங்கும் இருக்கிறது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது.

உடைந்தால் பொறுப்பு உண்டு, பயன்படாமல் கிடந்தால் பொறுப்பு இல்லை. இந்த ஏற்பாட்டில் அறிவுள்ள எவரும் பூட்டத்தான் செய்வார். நூலகப் புத்தகம், ஆய்வகக் கண்ணாடிக் குடுவை, விளையாட்டுச் சாமான் எல்லாம் இந்தக் கணக்கில்தான் பீரோவுக்குள் போகின்றன. நிதியாண்டின் கடைசி மாதத்தில் வரும் பணம் இன்னொரு வேடிக்கை. பத்து மாதம் வராத தொகை, இருபது நாளில் செலவழித்துச் சான்றிதழ் அனுப்பு என்ற உத்தரவோடு வந்து இறங்கும். கூரை ஒழுகுகிறது, ஆனால் வந்த தலைப்பு "கற்றல் உபகரணம்". கூரைக்குச் செலவழித்தால் விதிமீறல். ஆகவே யாருக்கும் வேண்டாத வரைபடங்கள் வாங்கப்பட்டு, ஒழுகும் கூரைக்குக் கீழே அடுக்கி வைக்கப்படும். ரசீது எல்லாம் கச்சிதமாக இருக்கும்.

முடிவெடுக்கும் இடமும் பதில் சொல்லும் இடமும் பிரிந்து கிடக்கின்றன. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஆசிரியர் சம்பளம் எவ்வளவு என்பதைத் தலைமையாசிரியர் முடிவு செய்வதில்லை. யார் ஆசிரியர், எத்தனை பேர், காலியிடம் எப்போது நிரம்பும், யாருக்கு இடமாற்றம் என்பதில் எதுவும் அவர் கையில் இல்லை. நான் பார்த்த பள்ளிகளில் மொத்தச் செலவில் அவர் சொந்தமாக முடிவெடுத்தது நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். மீதி முழுவதையும் முடிவு செய்தவர்களிடம் எந்தப் பெற்றோரும் போய் நின்று கேட்க முடியாது. கேட்க முடிகிற தலைமையாசிரியரிடம் முடிவு இல்லை. உலக வங்கியின் 2004ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை இதை நீண்ட வழி, குறுகிய வழி என்று பிரித்துக் காட்டியது. நீங்கள் வாக்களித்து, வென்றவர் துறையை ஏவி, துறை ஆசிரியரை ஏவுவது நீண்ட வழி. நீங்களே பள்ளிக்குப் போய்க் கேட்பது குறுகிய வழி. நீண்ட வழியில் உங்கள் கேள்வி போய்ச் சேருவதற்குள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும்.

குறுகிய வழியைத் திறந்துவிட்டால் போதுமா? இங்கேயும் சான்றுகள் கலவையானவை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, அரசு தலைக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஒரு கணக்கெடுப்பு கண்டுபிடித்தது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று பத்திரிகைகளில் வெளியிட்டார்கள், பள்ளிகளில் ஒட்டினார்கள். 2001க்குள் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. தணிக்கை வகுப்புகளில் இதை மந்திரம்போல் சொல்வார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள், அதே காலத்தில் அந்த நாட்டில் நிதி நிர்வாகத்தையே திருத்தினார்கள், எல்லாப் புகழையும் பத்திரிகை விளம்பரத்துக்குத் தர முடியாது என்று சுட்டிக்காட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. தவிர, பணம் போய்ச் சேர்ந்ததைத்தான் அது காட்டியது. பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பது வேறு கதை.

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் செய்து 2010இல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் உறைக்கும். 280 கிராமங்கள். பள்ளிக் குழுவில் தங்களுக்கு என்ன அதிகாரம் உண்டு என்று சில ஊர்களில் பெற்றோருக்குக் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சில ஊர்களில் தங்கள் பிள்ளைகளின் வாசிப்பை அவர்களையே அளக்கச் செய்தார்கள். பள்ளியின் நடப்பில் ஒரு மாற்றமும் வரவில்லை. உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் எளிய முறையில் பயிற்சி தந்த ஊர்களில் மட்டும், அவர்கள் நடத்திய வாசிப்பு முகாமுக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். தகவல் கொடுத்தால் மக்கள் பொங்கி எழுந்து பள்ளியைத் திருத்திவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள், பெற்றோருக்கு அன்றாடம் எத்தனை வேலை இருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் விளைவையே அளந்து, மதிப்பெண்ணுக்குப் பணம் என்று வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். பழைய யோசனைதான். இங்கிலாந்தில் 1862இல், அரசில் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ இதைக் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். பிள்ளை தேறினால்தான் மானியத்தின் பெரும்பகுதி கிடைக்கும். இந்த முறை மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று லோ நாடாளுமன்றத்தில் சொன்னார். முதல் சில ஆண்டுகளில் மானியச் செலவு குறைந்தது, அந்த அளவில் மலிவுதான். பள்ளிகளிலோ பிள்ளைகளை வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தானே பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னல்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிய பிறகே அது கைவிடப்பட்டது.

அமெரிக்கா 2002இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை அடைய வேண்டும் என்றது. தேர்ச்சி என்றால் என்ன என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றும் விட்டது. சில மாநிலங்கள் தேர்ச்சிக்கான அளவைத் தாழ்த்திக்கொண்டன. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாள்களை அழித்துத் திருத்தினார்கள்; 2011இல் வெளியான விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைச் சுட்டியது, 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதே நேரத்தில் ஆந்திரப் பிரதேசத்தில் முரளிதரன், சுந்தரராமன் என்ற ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனையில், பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஆசிரியர்களுக்குச் சிறு ஊக்கத்தொகை தந்தபோது கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உண்மையாகவே கூடியது. தேர்வு நடத்தியது வெளியார், தொகை சிறியது, வேலை பறிபோகும் அச்சம் இல்லை. ஒரு அளவுகோலின்மேல் எவ்வளவு கனத்தை ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு அது வளையும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எங்கே வளையத் தொடங்கும் என்று யாரும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

"பின்லாந்தைப் பாருங்கள்" என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அங்கே 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையை எடுத்துவிட்டார்கள்; மேல்நிலைப் படிப்பின் முடிவில்தான் நாடு தழுவிய தேர்வு. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்குள் நுழையவே கடும் போட்டி. கண்காணிப்பை வாசலிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்த வாசல் இல்லாமல் ஆய்வாளரை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அங்கேயும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் கணித மதிப்பெண் 2006இல் 548ஆக இருந்து 2022இல் 484ஆக இறங்கிவிட்டது.

வருகையைப் பற்றி ஒன்று. 2002, 2003இல் ஆறு நாடுகளில் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்த ஒரு ஆய்வில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் சராசரியாக 19 சதவீதம் பேர் பள்ளியில் இல்லை; இந்தியாவில் 25, உகாண்டாவில் 27, பெருவில் 11. நான்கில் ஒரு ஆசிரியர் இல்லை என்றால் நான்கில் ஒரு பங்குச் சம்பளம் பிள்ளைகளைச் சேரவில்லை என்று அர்த்தம். அது பெரிய தொகை. ஆனால் இல்லாதவர் எல்லோரும் ஓடிப்போனவர் இல்லை. விடுப்பு, பயிற்சி, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று அரசே வெளியே இழுத்தவர்களும் அதில் உண்டு. அந்த வேலைக்கு அனுப்பியவர் வகுப்பு நடக்காததற்குப் பதில் சொல்வதில்லை. முடிவு ஓரிடம், பதில் வேறிடம் என்றேனே, அது இங்கேயும் வந்துவிட்டது.

உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், மொத்தச் செலவை விட்டுவிட்டு ஒரே ஒரு பள்ளியின் செலவைக் கேளுங்கள். பல இடங்களில் அது ஒரே தாளில் கிடைக்காது. சம்பளம் ஓரிடம், கட்டடம் ஓரிடம், நூல்கள் ஓரிடம். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் தலைக்கு ஆகும் செலவை வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மாவட்டச் சராசரிக்குள் ஒளிந்திருந்த வேறுபாடுகள் அதன்பிறகுதான் பார்வைக்கு வந்தன. தலைமையாசிரியரிடம் பேசும்போது "பணம் எங்கே போனது" என்று தொடங்காதீர்கள். அவர் உடனே ரசீதுக் கோப்பை எடுத்து நீட்டுவார், அது சரியாகவே இருக்கும். எத்தனை பணியிடம் காலி, எத்தனை நாளாக, அதை நிரப்பச் சொல்லி யாருக்கு எழுதினீர்கள், அவர் என்ன பதில் தந்தார் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் சென்ற ஆண்டு எத்தனை நாள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், அனுப்பியது யார் என்று கேளுங்கள். கணினி அறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அவரைத் திட்டாமல், ஒன்று பழுதானால் அவருக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள். அந்தப் பதிலில் வரும் அலுவலகத்தின் பெயர்தான் உங்கள் அடுத்த கடிதத்தின் முகவரி.

வகுத்தலை மறுபடி போடுங்கள்: இறுதிச் செலவுக் கணக்கை மேலே வைத்து, உதவிபெறும் பள்ளி மானியத்தைக் கழித்து, கட்டடச் செலவைத் தனியே எடுத்துவைத்து, கீழே பதிவேட்டு எண்ணுக்குப் பதில் வருகை எண்ணைப் போடுங்கள். இரண்டு மடங்கு என்பது ஒன்றரை ஆகலாம், இரண்டரையும் ஆகலாம். எது வந்தாலும் இங்கே எழுதுங்கள். கணக்குத் தலைப்பு எண்கள் தலைசுற்ற வைத்தால் அந்தப் பக்கங்களை அனுப்புங்கள். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது, அவற்றைப் படிக்கும் பழக்கமும் இன்னும் போகவில்லை.